டிரம்ஸ் இல்லாத கச்சேரி

17 பிப்ரவரி 1993

நேற்று கோலியனூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். முதல் பாட்டு முடியவில்லை, மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடையேறி வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "டிரம்ஸ் எங்கப்பா? வண்டியிலயே வுட்டுட்டீங்களா?"

எத்தனை மேடையில் இதற்குப் பதில் சொல்வது? பிரான்சு தேசத்தில் ஜிப்சி என்று நாடோடி ஜனங்கள் இருக்கிறார்கள் ஐயா, அவர்கள் வாசிக்கிற ஜாஸில் டிரம்ஸே கிடையாது, எல்லாம் தந்தி வாத்தியம்தான், ஒரு கிட்டார் பாட்டை வாசிக்கும், இன்னொரு கிட்டார் தாளத்தை அடிக்கும், அந்த முறையில் நம்ம சினிமாப் பாட்டை வாசிக்கிறோம் என்று ஆரம்பித்தேன். அவர் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. காப்பாற்றியது தம்பிதான். வேங்கடேசன் பேசாமல் கிட்டாரை நிமிர்த்தி அடிக்கத் தொடங்கினான். அடித்த அடியை அடுத்த நொடியே விரலால் அமுக்கி நிறுத்தி, மறுபடி அடித்து, மறுபடி அமுக்கி... மாமனின் தோள் தன்னால் ஆடியது. "அதான பாத்தேன்" என்று இறங்கிப் போய்விட்டார்.

இன்று காலை பெயின்டர் புது போர்டு கொண்டுவந்தார். 'நாடோடி இன்னிசைக் குழு, விழுப்புரம். லீட் கிட்டார், குழுத் தலைவர்: ஆதிநாராயணன். வயலின்: லூர்துமேரி. பேஸ் கிட்டார்: நடராசன். ரிதம் கிட்டார்: வேங்கடேசன்.' என் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருந்தேன். குழுத் தலைவர் என்றால் சும்மாவா? பாண்டிச்சேரியில் கிட்டார் ரிப்பேர் செய்கிற பெரியவரிடம் ஜிப்சி ஜாஸ் கேசட் ஒன்றை வாங்கி, தேயத் தேயக் கேட்டு, இத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுத்தவன் நான்.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் பெயர் பிடிக்கவில்லை. "நாடோடின்னு போர்டு மாட்டிக்கினா எவன்டா உன் தம்பிக்குப் பொண்ணு குடுப்பான்?" என்று அன்றைக்குக் கேட்டாள். கொடுத்தார்கள். பிரம்மதேசம் பக்கத்திலிருந்து பவானி வந்தாள். இருந்தும் அம்மா போர்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

3 ஜூன் 1993

பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகும் தம்பி கிட்டாரை உறையில் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, அந்த மூணாவது பாட்டுல நடுவுல ஒரே ஒரு தபா நான் லீடு வாசிச்சிப் பாக்கட்டா?"

"நீ கைய எடுத்தா குழுவே குந்திக்கும்டா" என்றேன்.

"அதுவும் சரிதாண்ணே" என்று சிரித்தான்.

நான் சொன்னது பொய் இல்லை. அவன் கைதான் எங்களுக்கு டிரம்ஸ், தபேலா, எல்லாம். ஆனால் அது மட்டும்தான் காரணமா? அவன் தனியாக லீட் வாசித்துப் பார்ப்பதை ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

21 நவம்பர் 1994

பவானிக்கு இந்த முறையும் கரு கலைந்துவிட்டது. தம்பி பயிற்சிக்கு வந்தான், வாசித்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. தாளம் இம்மி பிசகவில்லை. வாய்விட்டு அழுதாலாவது தேவலை.

14 ஏப்ரல் 1996

பவானி ஊரில் அடுத்த மாதம் திரௌபதி அம்மன் கோயில் தீமிதித் திருவிழா. தீமிதி முடிந்ததும் கோயில் மேடையில் எங்கள் கச்சேரி. பவானியின் அப்பாவும் ஊர்ப் பெரியவர்களும் வீட்டுக்கே வந்து வெற்றிலைப் பாக்குத் தட்டு வைத்துவிட்டுப் போனார்கள். தாம்பூலம் வாங்கிய தேதியை மாற்றுகிற பழக்கம் என்னிடம் கிடையாது. மழையோ புயலோ, போய் நிற்பேன்.

பவானிக்கு இது ஆறாம் மாதம். இந்த முறை தங்கியிருக்கிறது. அதற்காகத் தம்பி அங்கே தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறான். காப்புக் கட்டிக்கொண்டு, விழா முடியும்வரை மாமனார் ஊரிலேயே தங்கி, ஒருவேளை சாப்பிட்டு, தரையில் படுக்க வேண்டும். "கச்சேரிக்குத் தெம்பு இருக்குமாடா?" என்று கேட்டேன். "ஆத்தா பாத்துக்குவாண்ணே" என்கிறான்.

இன்னொரு செய்தி. கேசட் பெரியவர் அந்தக் கச்சேரிக்குப் பாண்டிச்சேரியிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்களை அழைத்து வருகிறாராம். பிடித்துப்போனால் அங்கே நடக்கிற இசை விழாவில் எங்களுக்கு இடம். மேடையில் யாரும் டிரம்ஸ் எங்கே என்று கேட்காத ஒரு கச்சேரி! மனசு நிலைகொள்ளவில்லை.

8 மே 1996

மத்தியானம் மண்டகப்பட்டிலிருந்து சைக்கிளில் ஒரு ஆள் வந்தார். விருத்தாசலம் பெரியப்பா காலையில் போய்விட்டாராம். சாயந்திரம் எடுக்கிறார்கள். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். அம்மாவும் என் மனைவி கிருஷ்ணவேணியும் நேற்றே பவானி ஊருக்குப் போய்விட்டார்கள்.

"தம்பிக்கு யாரு சொல்றது?" என்றார் வந்தவர்.

"நான் சொல்லிக்கிறேன். நீங்க கெளம்புங்க."

சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும்? பங்காளி சாவு. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை எனக்கும் தம்பிக்கும் தீட்டு, கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. அவன் காப்பை அவிழ்க்க வேண்டும். வேண்டுதல் போகும், கச்சேரி போகும், பாண்டிச்சேரி போகும். இத்தனைக்கும் விருத்தாசலம் சொந்தப் பெரியப்பாகூட இல்லை, தாத்தாவின் சித்தப்பா வழி. அவரைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்றே நினைவில்லை. தெரியாமல் மிதித்தால் தீட்டு ஒட்டாது என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவனுக்குத்தான் தெரியப் போவதில்லையே. பாரம் என்னோடு இருக்கட்டும்.

எனக்குத் தீட்டில் நம்பிக்கை இல்லை. அவனுக்கு உண்டு. உண்டு என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

வேண்டுதலை முதலில் நினைத்தேனா, கச்சேரியையா? இங்கேயும் பொய் எழுதி என்ன ஆகப் போகிறது. கச்சேரியைத்தான்.

10 மே 1996

கிளம்புகிறேன். புதுத் தந்தி மாட்டியாகிவிட்டது. சாவுக்குப் போகவில்லை.

12 மே 1996

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வராந்தா. எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

நேற்று பொழுது சாய்கிற நேரம். குண்டத்தில் கட்டைகள் எரிந்து தணலைப் பரப்பிவிட்டிருந்தார்கள். பம்பை அடிக்க அடிக்க ஒவ்வொருவராக இறங்கினார்கள். தம்பி மஞ்சள் வேட்டியில், கழுத்தில் மாலையோடு நின்றிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு முன்னால் இறங்கிய ஆள் நடுக்குண்டத்தில் தயங்கி நின்றுவிட்டான். இவன் அவன்மேல் மோதாமல் ஒதுங்கப் போனான். கால் புரண்டது. இடது கையை ஊன்றிவிட்டான். தணல்ல... இடது கைய... நான் கத்தினேனா இல்லையா தெரியல. பாவி, பாவி, என்னாத்துக்கு நான் வாய மூடிக்கினு இருந்தேன்? எவன் கேட்டான் என் கச்சேரிய?

திண்டிவனத்தில் முதலுதவி செய்து இங்கே அனுப்பினார்கள். கச்சேரி நடக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் வரவே இல்லையாம். கேசட் பெரியவர் மட்டும் வந்து மேடைப் பக்கம் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்: குத்தம். ஏதோ குத்தம் நடந்திருக்கிறது. இல்லாவிட்டால் குண்டத்தில் ஏன் விழ வேண்டும்? பவானியின் அப்பா கட்டில் ஓரம் குனிந்து கேட்டார். "நோம்புல எதனா கொறை வெச்சிட்டீங்களா மாப்ள?" தம்பி கண்ணைத் திறக்காமல் சொன்னான். "எனக்குத் தெரிஞ்சி இல்ல மாமா."

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

15 மே 1996

மண்டகப்பட்டிலிருந்து விருத்தாசலம் பெரியப்பாவின் மகன் தம்பியைப் பார்க்க வந்தான். மொட்டைத் தலை. உள்ளே நுழைந்ததுமே, "எங்கப்பா செத்த தீட்டுல எவனாவது தீ மெதிப்பானாடா?" என்று அழுதான்.

தம்பிக்குப் புரியவில்லை. "பெரியப்பா செத்துட்டாரா?"

"உங்க அண்ணங்கிட்ட ஆளு வந்து சொல்லிட்டுத்தான போச்சு."

வார்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பவானி, அவள் அப்பா, அம்மா, கிருஷ்ணவேணி. தம்பி கடைசியாகப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று கெஞ்சுகிற பார்வை அது.

"உனக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மாதான் பேசினாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா. அவங்கிட்ட வேணாம், எங்கிட்டயாவது."

9 ஜூலை 1996

கட்டுப் பிரித்தாகிவிட்டதாம். கிருஷ்ணவேணி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன. இரண்டு விரலை வைத்துக்கொண்டு, பல தந்தியைச் சேர்த்து அழுத்துகிற அந்தக் கார்டுகளை எப்படிப் பிடிப்பது? எப்படி அமுக்கி நிறுத்துவது?

நான் போகவில்லை. வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டான். குடித்தனத்தையும் திண்டிவனத்துக்கு மாற்றிக்கொண்டான். அங்கே மல்லாட்டை மண்டி ஒன்றில் கடலை மூட்டை எடை பார்க்கிற வேலையாம்.

4 ஆகஸ்ட் 1996

பெண் குழந்தை. பவானியும் குழந்தையும் நலம். பானுப்ரியா என்று பெயர் வைக்கப் போகிறார்களாம்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டதே, அப்புறம் எங்கே போயிற்று உங்கள் குத்தம் என்று கேட்கலாம். யாரிடம் கேட்பது? குத்தம் சொன்னவர்கள் யாரும் இங்கே இல்லை. அம்மா பிள்ளை வளர்க்கிற சாக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பெட்டி கட்டிய விதத்தைப் பார்த்தேன், திரும்பி வருகிற பெட்டி இல்லை அது.

30 மார்ச் 1997

ரிதம் பாக்ஸ் வாங்கிவிட்டேன், சிங்கப்பூர் சரக்கு. பட்டனை அழுத்தினால் தாளம் வருகிறது. அதற்குப் பசிக்காது, வேண்டுதல் கிடையாது, அண்ணே என்று கூப்பிடாது. ரொம்ப சௌகரியம்.

11 நவம்பர் 1999

லூர்துமேரி விலகிக்கொண்டாள். சண்டை ஒன்றும் இல்லை. வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டுச் சொன்னாள்:

"மாஸ்டர், மிஷினோட வாசிக்கிறதுக்கு நான் வீட்லயே தனியா வாசிச்சிக்கிறேன். இது ஓடிக்கினே இருக்குது, நாம தப்பு பண்ணாக்கூட நிக்க மாட்டேங்குது. வேங்கடேசன் நமக்காக நிப்பாரு."

அந்தப் பெயரை இந்த அறையில் யாரும் சொல்வதில்லை. அவள் சொன்னதும் நடராசன் பேஸைத் துடைக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

6 ஜனவரி 2002

ஒரு துணிக்கடைத் திறப்பு விழா. கடை வாசலில், வெயிலில், போகிற வருகிற பஸ்ஸுக்கு நடுவே வாசித்தோம். குழுவில் இப்போது கீபோர்டு உண்டு, டிரம்ஸ் உண்டு, ஆடுகிற பெண்கள் உண்டு. போர்டில் 'நாடோடி' கிடையாது, போன வருடமே எடுத்துவிட்டேன். என் கிட்டார் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் கேட்டிருக்காது. நடுவில் தந்தி அறுந்தது. மாட்டவில்லை. சும்மா கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். கடை முதலாளி, "நல்லா வாசிச்சீங்க மாஸ்டர்" என்றார்.

28 மே 2006

நேற்று லூர்துமேரி பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்து நிறுத்தினாள். "வேங்கடேசன் வாசிக்கிறாரு மாஸ்டர், தெரியுமா?"

"எத வெச்சி வாசிக்கிறான்?"

"ரெண்டு விரல வெச்சி. லீடு."

அவள் படித்திருக்கிறாள். இந்த வாசிப்பை ஆரம்பித்து வைத்த ஜிப்சிக்காரரே தீயில் வெந்து, இரண்டு விரலோடு வாசித்தவராம். அதைத் தம்பியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். கார்டு பிடிக்கத்தான் நான்கு விரல் வேண்டும், தனியாக ஒரு பாட்டை வாசிக்க இரண்டு போதும் என்று மண்டி வேலை முடிந்து தினமும் உட்கார்ந்து பழகினார்களாம். பல வருஷமாக. இத்தனையும் எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. கேசட்டை நான் தேய்த்தேன், அந்த மனிதரின் கையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்று திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர்கள் கச்சேரி என்று சொன்னாள். போனேன். யார் வீட்டுக் கல்யாணம் என்றுகூடத் தெரியாது. கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

தம்பிக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருக்கிறது. இடது கையின் மடங்கிய விரல்களைக் கிட்டாரின் கழுத்துக்குப் பின்னால் மறைத்துத்தான் வைத்திருந்தான். மற்ற இரண்டு விரலும் நண்டு நடக்கிற மாதிரி ஓடின. நான் வரிசையாக ஸ்வரத்தைக் கொட்டுகிற இடங்களில் அவன் ஒன்றிரண்டு வைத்துவிட்டுக் காத்திருந்தான். அந்தக் காத்திருப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். லூர்துமேரியின் வயலின் அவன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் அது பாதிதான். வயிறு எரிந்தது. நான் குழுத் தலைவர் என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் எங்களில் வாசிக்கத் தெரிந்தவன் பின் வரிசையில் உட்கார்ந்து எனக்குத் தாளம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். கதவுக்கு வெளியே நின்று கேட்ட அன்றைக்கே எனக்கு இது தெரியும்.

சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

19 அக்டோபர் 2009

அம்மா போய்விட்டாள். திண்டிவனத்தில், தம்பி வீட்டில், தூக்கத்திலேயே. போன் செய்தது பவானி.

அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளைதான் கொள்ளி வைக்க வேண்டும். தம்பி மண்குடத்தைத் தோளில் ஏற்றியபோது அந்தக் கையை முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தேன். குடத்தை அந்தக் கையால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. யாராவது தாங்கிக்கொள்ள வேண்டும். நான் கையை நீட்டினேன். அவன் இன்னொரு பங்காளியைப் பார்த்து, "நீ புடிடா" என்றான்.

30 அக்டோபர் 2009

காரியம் முடியும்வரை இங்கேதான் இருக்கிறேன். ஒரே வீடு, ஒரே பாய் வரிசை, இரண்டு பேருக்கும் ஒரே தீட்டு. வருகிறவர்களிடம் அம்மா எப்படிப் போனாள் என்று அவன் சொல்கிறான், நான் கேட்டுக்கொள்கிறேன். அம்மா கடைசியில் என்ன சாப்பிட்டாள், என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா, இதெல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. என்னைக் கேட்டதாக அவன் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை பானுப்ரியா டம்ளரோடு வந்து நின்றாள். வளர்ந்துவிட்டாள், எங்கள் அம்மாவின் ஜாடை. "பெரியப்பா, காபி." வாங்கிக்கொண்டேன். அவள் போன பிறகு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவை நினைத்து அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தடவினார்கள்.

2 மார்ச் 2011

குழுவைக் கலைத்துவிட்டேன். இப்போது ரிசப்ஷனுக்கு இரண்டு ஸ்பீக்கரும் ஒரு லேப்டாப்பும் போதும். யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மிஷினை முதலில் மேடையேற்றியவன் நான்.

நடராசனைத் தம்பி தன்னோடு சேர்த்துக்கொண்டான். நடராசன் ரொம்பத் தயங்கித்தான் என்னிடம் சொன்னான். "போடா, நல்லா இரு" என்றேன்.

23 செப்டம்பர் 2012

லூர்துமேரி வீட்டுக்கு வந்தாள். கிருஷ்ணவேணி கொடுத்த கேப்பை அடையைப் பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "எங்களுக்கு ஒரு ரிதம் கிட்டார் வேணும் மாஸ்டர்."

சென்னைப் பையன்கள் இரண்டு மூன்று பேரைப் பார்த்தார்களாம். ஒரு பாட்டுக்கு அடிக்கிறார்கள், ஒரு முழுக் கச்சேரிக்குக் கை தாங்க மாட்டேன் என்கிறது.

"கேக்கச் சொன்னது யாரு? அவனா?"

"நான்தான் கேக்கறேன். அவருகிட்ட சொன்னேன்."

"என்னா சொன்னான்?"

"வேணாம்னு சொல்லல."

ஐம்பது தாண்டிய பிறகு பின் வரிசையில் போய் உட்கார வேண்டுமாம். லீட் கிட்டார் ஆதிநாராயணன் தம்பிக்குத் தாளம் போட வேண்டுமாம். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கிருஷ்ணவேணி பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தம் போட்டுத் துலக்கினாள்.

24 செப்டம்பர் 2012

பரணிலிருந்து கிட்டாரை இறக்கினேன்.

15 அக்டோபர் 2012

என்ன பேஜாரு பிடித்த வேலை இது! அடித்து அமுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். நான்காவது பாட்டில் முன்கை கல்லாகிவிடுகிறது. ஐந்தாவதில் விரல் கேட்க மாட்டேன் என்கிறது. நன்றாக அடித்தால் யாருக்கும் தெரியாது, பிசகினால் எல்லோருக்கும் தெரியும். இதைத்தான் அவன் அத்தனை வருஷம் சிரித்துக்கொண்டே செய்தான்.

கிருஷ்ணவேணி சமையல்கட்டிலிருந்து, "முன்ன ஓடுறீங்க" என்று குரல் கொடுக்கிறாள். எல்லோரும் வாத்தியார் ஆகிவிட்டார்கள். ஆனால் உண்மைதான், ஓடுகிறேன். எனக்கு எப்போதும் முன்னால் போய்த்தான் பழக்கம்.

9 டிசம்பர் 2012

திண்டிவனத்தில் லூர்துமேரியின் தங்கை வீட்டு மாடியில் பயிற்சி. முதல் நாள். வருகிறேன் என்று லூர்துமேரிக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். கதவருகே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தம்பி வந்தான். என்னைப் பார்த்தான், பார்க்காத மாதிரியும் இல்லை, பார்த்த மாதிரியும் இல்லை. கிட்டாரைச் சுருதி சேர்த்தான். வாசிக்க ஆரம்பித்தோம்.

இரண்டாவது பாட்டில் கையைத் தூக்கி நிறுத்தினான். லூர்துமேரியைப் பார்த்துச் சொன்னான்: "டீச்சர், ரிதம் கொஞ்சம் ஓடுது. புடிச்சி வாசிக்கச் சொல்லுங்க."

நான் இரண்டு முழ தூரத்தில் இருந்தேன். பிடித்து வாசித்தேன்.

அவன் சொன்னது சரி. பிடித்து வாசித்தபோது அவனுடைய இரண்டு விரலுக்கும் அதிக இடம் கிடைத்தது. கடைசிப் பாட்டில் அவன் ஓரிடத்தில் காத்திருந்தான், நானும் காத்திருந்தேன், சேர்ந்து இறங்கினோம். நடராசன், "ஆகா" என்று சொல்லிவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டான். தம்பி முகத்தில் ஒன்றும் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்த மாதம் காணும் பொங்கலன்று மேடை.

13 ஜனவரி 2013

போகி. பழையதெல்லாம் கொளுத்துகிறார்கள். புகையில் கண் எரிகிறது. கை நன்றாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. என்ன பயம்? பிசகிவிடுவேன் என்றா? இல்லை. நேரில் ஒரு வார்த்தை சொல்வானோ என்று எதிர்பார்த்து எதிர்பார்த்து, சொல்லாமல் விட்டுவிடுவானோ என்றுதான்.

17 ஜனவரி 2013

நேற்று சாயந்திரம் திண்டிவனத்தில் மேடை. நல்ல கூட்டம். பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்கள். யாரோ ஒருவர் "டிரம்ஸ் எங்க?" என்று கத்தத்தான் செய்தார். தம்பி என் பக்கம் திரும்பாமலேயே, கையை லேசாகக் காட்டினான். நான் தனியாக அடித்துக் காட்டினேன். கத்தியவர் விசில் அடித்தார். முழுக் கச்சேரிக்கும் என் கை தாங்கியது. ஓரிடத்தில்கூட ஓடவில்லை.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் தம்பி மைக்கைப் பிடித்தான். குழுவில் இருக்கிறவர்களைத் தலைவர் அறிமுகம் செய்வது வழக்கம்தானே. அவனுக்கு மேடையில் பேச்சு அவ்வளவாக வராது, தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினான்.

"வயலின், எனக்கு மறுபடியும் வாசிக்கக் கத்துக்குடுத்த எங்க லூர்துமேரி டீச்சர்." கைதட்டினார்கள்.

"பேஸ் கிட்டார், எங்க நடராசன் அண்ணன்." கைதட்டினார்கள்.

என் பக்கம் வந்தது. மைக்கில் அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் அதிக நேரம் கேட்டது.

"ரிதம் கிட்டார், விழுப்புரம் ஆதிநாராயணன்."

கைதட்டினார்கள். நிறையவே தட்டினார்கள். எழுந்து கும்பிட்டேன். பேச்சு வந்த நாளிலிருந்து அவன் வாயில் என் பெயர் வந்ததில்லை. எப்படி உச்சரிப்பான் என்றுகூட எனக்குத் தெரியாது. நன்றாகத்தான் உச்சரித்தான். உட்கார்ந்தேன். அவன் தலையை அசைத்தான், கடைசிப் பாட்டுக்குத் தாளத்தைத் தொடங்கினேன்.

காலையில் கிருஷ்ணவேணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "மேடைல உங்கள என்னான்னு சொன்னாரு?"

"பேரச் சொன்னான்."

அவள் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அடுத்த கச்சேரி மரக்காணத்தில், தை மாசக் கடைசியில். வரச் சொல்லி லூர்துமேரி போன் செய்தாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.